மூட்டை அட்சதை போடாது

கண்ணா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் நீ நலமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பினால் அவர் பாதி வழியிலேயே சமையல்காரரைப் பிடித்துக்கொண்டு, ஒப்பட்டுக்குக் கடலைப் பருப்பா துவரம் பருப்பா என்று பேசப் போய்விடுகிறார். பெற்ற பிள்ளையிடம் பேச எனக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன், ஊரறிய எழுதுகிறேன். உன் படகில் ஏறப்போகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

அவர்களுக்கு விவரம் தெரியாது, ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் தண்ணீரின் கரையில், இங்கே ஹின்னீரு என்று சொல்கிறார்களே அதன் கரையில் இருக்கிற கோயிலில் உனக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் இரண்டு வீட்டு உறவுகளும் நீ கட்டிய, பக்கத்துக்கு ஒரு சக்கரம் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரப் படகில் ஏறி நடுத் தண்ணீருக்குப் போகிறார்கள். மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்த முறத்தை நீங்கள் இருவரும் காவிரிக்கு விடுவீர்கள். இந்த ஊரில் பாகினம் என்று பெயர். உன் படகுத் தொழிலுக்கும் அதுவே திறப்பு விழா. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நான்தான் ஒருத்தி, முதல் முறை கேட்டபோது கைதட்டியவளும் நான்தான், இப்போது ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடக்கிறேன். அந்தப் படகு கவிழும் கண்ணா. எல்லாப் பயணத்திலும் கவிழாது, இந்தப் பயணத்தில் கவிழும்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தில் இல்லறம் ஒரு ஓடம், கணவனும் மனைவியும் இரண்டு துடுப்பு என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு உவமை சொல்லத் தெம்பு இல்லை. நான் சொல்வது நிஜப் படகு, நிஜத் தண்ணீர், அதில் ஏறப்போவது நிஜ மனிதர்கள்.

என் கையை உனக்குத் தெரியும். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஊராருக்குப் பல் செட் செய்து கொடுத்தே என் காலம் போனது. அங்கே மிஞ்சுகிற அக்ரிலிக்கில் பொம்மைப் படகுகளுக்குச் சக்கரப் பலகை வார்க்க ஆரம்பித்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த ரோஸ் நிறப் பலகைகளைப் பார்த்துவிட்டு, "படகுக்கு ஈறு இருக்காம்மா?" என்று கேட்டாய். அதிலிருந்து நம் இருவருக்கும் அதே பைத்தியம். பின்னால் ஒற்றைச் சக்கரம் வைத்தது, இரட்டைப் படகு உடலுக்கு நடுவே சக்கரம் வைத்தது, மாடு செக்குச் சுற்றுவது போல் சுற்றிச் சக்கரத்தை ஓட்டுகிற ஒரு விசித்திரம். எத்தனை செய்தோம்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திமிர் உண்டு. உன் அப்பா அலமாரியில் இடமில்லை என்று புலம்புவார். நாம் இருவரும் காதில் வாங்க மாட்டோம்.

ஏரியில் பெடல் படகு ஓட்டிய அன்றைக்கு நீ என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? முன்னால் போகும்போது சொன்னபடி கேட்ட படகு, பாசிக்குள் மாட்டிக்கொண்டு பின்னால் மிதித்தபோது கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் கேட்கவில்லை. உனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் உனக்குச் சொன்னேன், சக்கரம் நடுவில் இருக்கிறது, அது வாரி எறியும் தண்ணீர் நேராகப் பின்னால் இருக்கிற சுக்கான் மேல் விழுகிறது, அதனால்தான் மெதுவாகப் போனாலும் திரும்புகிறது, பின்னால் மிதித்தால் அந்தத் தண்ணீர் சுக்கானுக்குக் கிடைப்பதில்லை என்று. நீ உடனே கேட்டாய், "அப்போ சக்கரம் ரெண்டு பக்கமும் இருந்தா?" இருந்தால் தண்ணீர் சுக்கானைத் தொடாமல் இரண்டு பக்கமாகப் போய்விடும், படகு வேகம் பிடிக்கிறவரை சுக்கான் சும்மா தொங்கும், சக்கரங்களை வைத்துத்தான் திருப்ப வேண்டும். கேள்வியை நீயாகக் கேட்டாய், பதிலையும் நீயாகவே கண்டுபிடித்தாய். நான் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பு இன்று எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

பிறகுதான் அந்த இழுவைப் படகைச் செய்தோம். இரண்டு பக்கமும் சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். அதற்குப் பின் நீ வேறு எதையும் கையில் எடுக்கவில்லை. பெரியவனாகிப் படகு கட்டினால் இதைத்தான் கட்டுவேன் என்றாய், சொன்னபடி கட்டியும் விட்டாய். ஆனால் அந்தப் பொம்மையின் வயிற்றில் என்ன இருந்தது? ஈயம். டயர் கடையில் கழித்துப் போட்ட ஈயத் துண்டுகளை உருக்கி அடியில் ஊற்றினேன். சக்கரமும் மூடியும் புகைபோக்கியும் மேலே இருக்கிற படகுக்கு அடியில் கனம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் விட்டதுமே குப்புறப் படுத்துவிடும். சக்கரப் படகுப் பொம்மை செய்கிற எவரும் இதைச் செய்வார்கள், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய்.

பெரிய படகின் படத்தை நீ காட்டிய அன்றைக்கே கேட்டேன். "ஈயம் எங்கடா?" என்றேன். "பேட்டரி இருக்கல்வாம்மா, அதே வெயிட்டு" என்றாய். சரி என்று ஒத்துக்கொண்டேன். அப்புறம் நடந்ததை நீயே நினைத்துப் பார். தண்ணீர் படக் கூடாது என்று பேட்டரிகளைத் தளத்துக்கு மேலே, பெஞ்சுக்கு அடியில் ஏற்றினாய். லாரியில் ஏற வேண்டும் என்று படகின் அகலத்தைக் குறைத்தாய். போட்டோ எடுக்க வசதியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, தலைக்கு மேல் ஒரு மாடித் தளம் வைத்தாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாய், ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான். எல்லாம் சேர்ந்து, நம் பொம்மையிலிருந்து ஈயத்தைக் கழற்றிவிட்டு அதன் தலையில் செங்கல் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஓட்டிப் பார்த்தோமே என்பாய். பார்த்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அரிசி மூட்டைகளை இருக்கைகளில் ஏற்றிக் கட்டி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இரண்டு நடை ஓட்டினாய். தேர் மாதிரி போனது. உன் கணக்கிலும் ஆட்கள் எல்லோரும் அவரவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஜனம் எந்தக் கல்யாணத்தில் கண்ணா உட்கார்ந்திருக்கிறது? கெட்டி மேளம் என்ற சத்தம் கேட்டால் முட்டிவலிக்காரர்கூட எழுந்து மேடைக்கு ஓடுவார். பின்வரிசையில் நிற்பவர் முன்வரிசையின் தோளுக்கு மேல் கையை நீட்டிப் போடுவார். அட்சதை விழாவிட்டால் வந்ததற்கே அர்த்தமில்லை நம்மவர்களுக்கு. நீங்கள் இருவரும் இடப் பக்கம் குனிந்து முறத்தைத் தண்ணீரில் விடும்போது படகில் இருக்கிற அத்தனை பேரும் இடப் பக்கம்தான் வருவார்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். வீடியோ எடுக்கிறவர் வேறு, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க சார், ஃபிரேம்ல வாங்க" என்று கூப்பிடுவார். மூட்டை இருந்த இடத்தில் இருக்கும். மூட்டை அட்சதை போடாது.

போன வாரம் சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனாயே, அன்றைக்கே பார்த்துவிட்டேன். நீர்நாய், நீர்நாய் என்று ஒரு குழந்தை கத்தியது. ஏழெட்டுப் பேர்தான் எழுந்து வலப் பக்கம் போனார்கள். வலச் சக்கரம் மூடி வரைக்கும் முங்கியது. இடச் சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்து வெறும் காற்றில் சடசடவென்று சுற்றியது. படகு தானாக இடப் பக்கம் திரும்பிற்று, திரும்பத் திரும்ப இன்னும் வலப் பக்கமே சாய்ந்தது. நீ சிரித்தாய். நான் வாய்விட்டுக் கத்தினேன். "உக்காருங்க எல்லாரும்! கவுந்துடும்!" என்று கத்தினேன். நீர்நாய் முங்கிப் போனதால் அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் கத்தியதால் இல்லை. கரையில் இறங்கியதும் எல்லோர் முன்னாலும் நீ என்னிடம் சொன்னாய்: "அம்மா, நீ இனிமே கரைப் பக்கமே வராதே. எனக்கு மானமே போகுது." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

பவித்ராவின் பெரியம்மா என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். பாவம், நல்ல மனுஷி. "ஏனுங்க சம்பந்தி, நல்ல காரியம் நடக்கப்போற எடத்துல கவுந்துரும், முங்கிரும்னு வாய் வெக்கலாமுங்களா? நாங்கெல்லாம் பரிசல்ல போயி வந்த சனமுங்க. தண்ணிக்குப் பயப்படமாட்டோமுங்க" என்றார். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். கௌதள்ளியிலிருந்து வருகிற சம்பந்தி வீட்டாரே, பரிசலில் நீங்கள் எப்படிப் போவீர்கள்? பரிசல்காரர் அதட்டுகிற அதட்டலில் அத்தனை பேரும் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதானே போவீர்கள்? எவராவது எழுந்து நின்று செல்ஃபி எடுத்தால் துடுப்பாலேயே ஒரு போடு போடுவாரே! பரிசலுக்கு மாடி இல்லை. பரிசலில் எவரும் எவருக்கும் அட்சதை போடுவதில்லை. என் மகன் உங்களை அதட்ட மாட்டான், நீங்கள் சம்பந்திகள். பட்டுப் புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லவும் அவனுக்குக் கூச்சம். போட்டோவில் ஆரஞ்சு மூட்டைகளாகத் தெரிவீர்கள் என்று அதையெல்லாம் மேல்தளத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான்.

நல்ல நேரத்தில் கெட்ட வார்த்தை கூடாது என்கிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, நானும் பல்லி விழுந்தால் பலன் பார்க்கிறவள்தான். ஆனால் இந்த வீட்டில் பத்து நாளாக "மூழ்கும்" என்ற சொல்லை நான் வாயில் எடுத்தாலே ஆளாளுக்கு வாயைப் பொத்துகிறார்கள். உன் அப்பா, "சும்னே இரு மாராயத்தி, மங்கள காரியத்துல ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார். தண்ணீரிடம் போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்று சொல்ல முடியுமா அவரால்? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. மங்களமான சொல்லைப் பிடித்துக்கொண்டு எவரும் கரையேற முடியாது.

மொட்டை மாடித் தொட்டியில் நான் செய்து பார்த்ததை உனக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பொம்மையின் ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். உன் படத்தில் இருக்கிற மாதிரியே அட்டையில் மாடித் தளம் கட்டினேன். பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில் ஆட்களை வார்த்து, முதலில் நடுவில் உட்கார வைத்து ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நூலைக் கட்டி அத்தனை பேரையும் மெல்ல இடப் பக்கம் இழுத்தேன். முதலில் சாய்ந்தது. பிறகு வலப் பக்கம் திரும்பியது. திரும்புகிற வேகத்தில் இன்னும் சாய்ந்தது. அப்புறம் அடிப்பக்கம்தான் தெரிந்தது. பிளாஸ்டர் மனிதர்கள் தொட்டியின் அடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துணி காயப்போட வந்த உன் அப்பா, "பொம்மைக்குப் போய் அழறியே" என்றார். நீ, "பெரிய படகு அப்படி இல்லம்மா, ஸ்கேல் வேற" என்று ஒரு வரி அனுப்பினாய். பத்து நாளில் வந்த ஒரே பதில் அது. வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். பொம்மை வெடுக்கென்று சாயும், பார்க்கிறவர் உஷாராகிவிடுவார். பெரியது சாவகாசமாகச் சாயும், திரும்பி வந்துவிடும் என்று நம்ப வைக்கும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

பவித்ரா என்னை மன்னிக்கட்டும், அவள் தனியாகச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். முந்தாநாள் அவளாகவே போன் செய்தாள். "அத்தை, நானும் சொல்லிப் பாத்தனுங்க. கேக்கமாட்டேங்கறாருங்க. எனக்கு நீச்சலும் தெரியாதுங்கத்தை. ஆனா எல்லார் முன்னாலயும் அவரத் தனியா ஓட்டுன்னு விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். பயந்துகொண்டே உன்னோடு ஏறப் போகிறாள் அந்தப் பெண். கல்யாணப் புடவையின் கனம் எவ்வளவு என்று உனக்குத் தெரியுமா? நனைந்தால் எவ்வளவு என்று தெரியுமா?

நீ கேட்கப் போவதில்லை என்றே வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் செய்துகொள். சாப்பாட்டுக்கு மேல் அங்கே மேற்கே இருந்து காற்று எடுக்கும். பக்கவாட்டில் அதை வாங்காதே, மாடித் தளம் பாய் மாதிரி காற்றைப் பிடித்துவிடும். மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நில். கூட்டம் இடப் பக்கம் வந்து, படகு வலப் பக்கம் திரும்ப ஆரம்பித்ததும் உன் கை தானாக வலச் சக்கரத்துக்கு வேகம் கொடுக்கப் போகும். கொடுக்காதே. அது காற்றில்தான் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு பிரயோஜனமும் இல்லை. சுக்கானையும் நம்பாதே. இரண்டு சக்கரத்தையும் நிறுத்து. நிறுத்திவிட்டு, மானம் மரியாதை பார்க்காமல், இருந்த இடத்திலேயே எல்லோரும் உட்காருங்கள் என்று தொண்டை கிழியக் கத்து. எதிர்ப் பக்கம் ஓடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. மொத்தமாக ஓடினால் அந்தப் பக்கம் கவிழும்.

இவ்வளவும் வேண்டாம் கண்ணா. உன் காலில் விழுகிறேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. நீங்கள் இருவர் மட்டும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போங்கள், நாங்கள் கரையில் நின்று அட்சதை போடுகிறோம், காவிரி கோபித்துக்கொள்ள மாட்டாள். அல்லது கரை ஓரத்தில் கட்டிப் போட்ட படகிலிருந்தே முறத்தை விடுங்கள். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் போகட்டும், மாடித் தளத்தைக் கழற்றி, பேட்டரியை அடியில் இறக்கி, கீழே கனம் போடலாம். நான் வருகிறேன், சேர்ந்து செய்யலாம். நல்ல படகு அது. உன்னைப் போலவே நல்லது, தலைக்கனம்தான் ஜாஸ்தி.

முடியாது என்றால் நான் செய்யப்போவதையும் கேட்டுக்கொள். மறைவாக ஒன்றும் செய்ய மாட்டேன். இந்தக் கடிதத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லோரும் கரைக்கு வரும்போது, படகுக்குப் போட்ட பலகைக்கு முன்னால், வரக் கூடாது என்று நீ சொன்ன அதே கரையில் நிற்பேன். ஏற வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்வேன், கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில் சொல்வேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். அதையும் மீறி யாராவது ஏறினால் அவர்களோடு நானும் ஏறுவேன். எல்லோரும் இடப் பக்கம் எழுந்து போகும்போது நான் ஒருத்தி வலப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். என் ஒருத்தியின் எடை எதற்கும் போதாது என்று எனக்கும் தெரியும்.

யாருமே ஏறாமல் போனால், உன் கல்யாண நாளில் சம்பந்திகள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்தவள் என்று என்னை நீ ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாய். வீட்டுக்கு வர மாட்டாய், பேரப் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டாய். தெரிந்துதான் செய்கிறேன். நீ என்னை மன்னிக்கவே வேண்டாம் கண்ணா. எங்கேயாவது ஒரு வீட்டில், நனையாத சட்டையோடு, பக்கத்தில் பவித்ராவை வைத்துக்கொண்டு, ஐம்பது வருஷம் என்னைத் திட்டிக்கொண்டே இரு.

உன் அம்மா